ஒன்பது நிமிடத் தாமதம், ஒரு மணி நேரக் காத்திருப்பு

பெறுநர்
மேலாளர், பயணிகள் சேவைப் பிரிவு,
அதிவேக ரயில் நிறுவனம்.

பொருள்: ரயில் பயணிகள் ஏறுவதற்குள் இணைப்புப் பேருந்து கிளம்பிவிடுவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஊரின் பெயர் எழுதிய உங்கள் நிலையத்தில் இறங்கினேன். பெயர்தான் எங்களுடையது, ஊர் அங்கிருந்து 18 கிலோமீட்டர். 9.10-க்கு வர வேண்டிய ரயில் 9.19-க்கு வந்தது. இணைப்புப் பேருந்தின் நேரம் 9.20.

எனக்கு 14-வது பெட்டி. நடைமேடை 400 மீட்டர், படிக்கட்டோ மறுகோடியில். சூட்கேஸை இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதிப் படியில் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பேருந்தின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒருவர்கூட இல்லை! தலைக்கு மேலே ரயில் வந்து நின்றது ஓட்டுநருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரையும் நோக மாட்டேன். நேரம் தவறினால் அவருக்கு மெமோ கொடுப்பார்களாம்.

அடுத்த பேருந்து 10.20-க்கு. காத்திருப்பு அறை பூட்டிக் கிடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வாசலில் நின்றோம். நடுவில், இங்கே நிற்காத ரயில் ஒன்று பறந்தது. கூரைத் தகடு அதிர, ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

நிலையத்தை ஏன் வயலுக்கு நடுவில் கட்டினீர்கள் என்று கேட்க வரவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடும் பாதை வளைய ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆரம் வேண்டும். ஒவ்வொரு ஊருக்குள்ளும் அதை நுழைக்க முடியாது. பிரான்சில் 1994-இல் இரண்டு நகரங்களுக்கு இடையே வயல்வெளியில் திறந்த நிலையத்துக்கு மக்கள் 'பீட்ரூட் நிலையம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தள்ளிக் கட்டியது நீங்கள் என்றால், அந்த 18 கிலோமீட்டரும் உங்கள் பொறுப்புதானே?

உதவி மையத்தில் கேட்டேன். "30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால்தான் இழப்பீடு. பேருந்து ஓட்டுவது ஒப்பந்ததாரர்" என்றார்கள். பேருந்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் பணம் வாங்கியது ஒப்பந்ததாரர் இல்லையே. ரயிலில் மிச்சம் பிடித்த 40 நிமிடமும் வாசலில் நின்றே போயிற்று.

இனி ரயில் உண்மையில் வந்து நின்றதிலிருந்து 10 நிமிடம் கழித்தே பேருந்தை எடுக்கச் சொல்லுங்கள். நிலையத்திலிருந்து ஓட்டுநருக்கு ஒரு போன் போதும். கடைசிப் பேருந்து போகும்வரை காத்திருப்பு அறையைத் திறந்து வையுங்கள். அன்றைய பேருந்துக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். டிக்கெட் நகல் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாதம் நான்கு முறை வந்துபோகும் பயணி