மனைவிக்குக் கிரீன் கார்டு விண்ணப்பிக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

வணக்கம். நீங்கள் அமெரிக்கக் குடிமக்கள். திருமணமாகி, இங்கேயே உங்களோடு இருக்கும் மனைவிக்குக் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மனைவிக்காக நீங்கள் தரும் ஐ-130 மனுவையும், அவள் தரும் ஐ-485 கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் அனுப்பும்போதே, அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதிக்கான ஐ-131 படிவத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

முன்பெல்லாம் இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐ-485-க்குக் கட்டும் பணத்திலேயே வேலை அனுமதியும் பயண அனுமதியும் அடங்கிவிடும். 2024 ஏப்ரல் 1 முதல் அப்படி இல்லை. ஐ-485-க்கு 1,440 டாலர், வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 என்று தனித்தனியாக ஆகிவிட்டது. செலவைக் குறைக்க உட்காரும்போது முதலில் கை வைக்கப்படுவது பயண அனுமதியில்தான். வேலை அனுமதி வந்தால் சம்பளம் வரும், ஊருக்குப் போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறீர்கள். அவளிடம் கேட்டுத்தான் அந்த முடிவை எடுத்தீர்களா?

கிரீன் கார்டு வருவதற்குள் பயண அனுமதி இல்லாமல் அவள் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால், ஐ-485 விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டாள் என்றே குடிவரவுத் துறை எடுத்துக்கொள்ளும். ஐ-131 அனுப்பியாகிவிட்டது, பதில்தான் வரவில்லை என்று சொல்லிக் கிளம்பினாலும் இதே கதிதான். அனுமதித் தாள் கையில் இருக்க வேண்டும்.

மாணவர் விசாவில் வந்து இங்கேயே மணம் முடித்த பெண்களின் வீடுகளில்தான் தவறான நம்பிக்கை அதிகம். பாஸ்போர்ட்டில் எஃப்-1 முத்திரைக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதே, போய்வந்துவிடலாமே என்கிறார்கள். முடியாது. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அந்த முத்திரை விண்ணப்பத்தைக் காப்பாற்றாது. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்-4, எல்-2 போன்ற சில விசா வகையினர், அந்தத் தகுதி உயிரோடு இருந்து செல்லுபடியாகும் விசாவும் இருந்தால், அட்வான்ஸ் பரோல் இல்லாமலே போய்வரலாம். அந்தத் தோழிகள் சொல்வதைக் கேட்டு எஃப்-1 பெண் டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. மணம் முடிக்க வருபவளுக்கான கே-1 விசாவில் வந்து 90 நாளுக்குள் மணம் முடித்தவளுக்கும் இதே கட்டுதான். அந்த விசா ஒரே ஒரு நுழைவுக்கு உரியது. விசாக் காலம் கடந்தும் தங்கியிருந்தவள் என்றால் பயணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். 180 நாளுக்கு மேல் அப்படித் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டு தாண்டியிருந்தால் பத்தாண்டும் திரும்பி வரத் தடை விழக்கூடும்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். நள்ளிரவில் மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ தொலைபேசி வருகிறது. அவளுடைய அப்பா போய்விட்டார். நம் ஊரில் உடலை எத்தனை நாள் வைப்பார்கள்? வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருந்தாலும் ஓரிரு நாள்தான். இங்கிருந்து சென்னை போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிவிடும். அவசரப் பயண அனுமதிக்கு வழி உண்டு. குடிவரவுத் துறையின் தொடர்பு மையத்தை அழைத்து, உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வாங்கி, நிரப்பிய ஐ-131, கட்டணம், புகைப்படங்கள், இறப்புக்கான சான்று ஆகியவற்றோடு போய் நிற்க வேண்டும். மரணம் நடந்த அன்றே சான்றிதழுக்கு ஊரில் யார் அலைவார்கள்? மருத்துவமனைக் கடிதத்தையாவது அனுப்பச் சொல்லி, அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் அவள் கேட்க வேண்டும். எல்லாம் கைகூடினாலும் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். 630 டாலரை மிச்சம் பிடித்ததற்கு அவள் கொடுக்கும் விலை, அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போவது. உங்கள் அப்பாவுக்கு ஒன்று என்றால் நீல நிறப் பாஸ்போர்ட்டோடு அன்று இரவே நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். இந்த வித்தியாசம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, தம்பி.

கட்டணத்தை இப்படிப் பிரித்தது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது மாறும்வரை நம் வீட்டுப் பெண் காத்திருக்க முடியாது.

கிரீன் கார்டு வந்த பிறகு இன்னொரு இடம் இடறும்: தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குப் போனவள் குழந்தை தவழட்டும், மொட்டை போட்டுக் காது குத்தட்டும் என்று தங்கிவிடுவது நமக்கு இயல்பு. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டால் அந்த கார்டை மட்டும் காட்டித் திரும்பி வர முடியாது. நீண்ட நாள் தங்குவாள் என்று தோன்றினால் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். அதற்கும் இதே ஐ-131 படிவம்தான், ஆனால் அவள் அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினாலே குடியுரிமைக்கான காலக்கணக்கில் சிக்கல் வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் பெயரைச் சரிபாருங்கள். அவள் பெயரோடு பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும், அனுமதித் தாளில் உங்கள் பெயரும் சேர்ந்து இருந்தால் விமான நிலையத்தில் நின்று விளக்க வேண்டியவள் அவள்தான்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மனைவியின் பாஸ்போர்ட்டையும் கார்டையும் தன் அலமாரியில் பூட்டி வைக்கும் ஆண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துப் போய், அவள் ஆவணங்களை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள். உங்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று நம்புகிறேன். அப்படியானால் அதைச் செயலில் காட்டுங்கள். அசல் ஆவணங்கள் அவள் கைப்பையில் இருக்கட்டும். நகல் ஒன்று அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும். குடிவரவுத் துறையின் இணையக் கணக்குக்கான கடவுச்சொல் அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். ஊரில் கிரீன் கார்டு தொலைந்தாலோ பறிக்கப்பட்டாலோ, ஓராண்டுக்குள் திரும்புபவள் அமெரிக்கத் தூதரகத்தில் ஐ-131ஏ படிவம் கொடுத்து விமானம் ஏற அனுமதி கேட்கலாம். கொடுமை செய்யும் கணவனின் கையெழுத்து இல்லாமலே மனைவி தனக்காக மனுச் செய்யும் வழியும் 1994 முதல் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. இவை இரண்டையும் இந்த மடலைப் படிக்கும் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உறை இன்னும் தபாலில் சேரவில்லை என்றால் பிரித்து ஐ-131-ஐ வையுங்கள். அனுப்பியாகிவிட்டது என்றால், ஐ-485 ரசீதின் நகலை இணைத்து இந்த வாரமே தனியாக அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி