காய்ச்சல் குறையாத குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்க உத்தரவிடக் கோரும் மனு

நாள்: 18.10.2021

அனுப்புநர்: ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தந்தை (பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்: முதன்மைச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009

பொருள்: கொரோனாவுக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் பல உறுப்பு அழற்சி நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஏற்பாடு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். அவளைப் பிழைக்கவைத்தது ஓர் அரசு மருத்துவமனைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த மே மாதம் என் மனைவிக்குக் கொரோனா வந்து, வீட்டுத் தனிமையிலேயே தேறினார். மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தால் சற்றுத் தணியும், மறுபடி ஏறும். மூன்றாம் நாள் கண்கள் சிவந்தன, பீளை இல்லை. உதடு வெடித்தது. உடம்பில் தடிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

ஐந்து நாளில் மூன்று இடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தடிப்புக்குக் களிம்பு, குடல்வால் அழற்சியோ என்று வயிற்றுக்கு ஸ்கேன். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்று வந்தது. கொரோனா இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். அந்தத் தாளை நாங்களும் நல்ல செய்தியாகத்தான் மடித்து வைத்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் கை கால் சில்லிட்டுப்போய், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாள். 108 ஆம்புலன்ஸில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “ஒன்றரை மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா?” அதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தானே?

கிருமி போன பிறகு, அதை எதிர்க்க எழுந்த உடம்பின் படையே உடம்பைத் தாக்குகிறது என்று அவர் விளக்கினார். தொற்றுக்கு இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து வருவதால் மூக்கில் எடுக்கும் மாதிரி பெரும்பாலும் நெகட்டிவ்தான் காட்டுமாம். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய புரதத்தை இரத்தத்தில் தேடும் எதிர்ப்புரதப் பரிசோதனையில் மகளுக்கு பாசிட்டிவ் வந்தது; அவளுக்கும் தெரியாமலே தொற்று வந்து போயிருக்கிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று சற்று விரிந்திருந்தது. கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தை ஏற்றினார்கள். அவள் எடை 22 கிலோ. 5 கிராம் பாட்டில்கள் ஒன்பது. யாரோ கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது என்றார் செவிலியர். ராத்திரி முழுக்க அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டணம் வாங்கவில்லை. வெளியில் வாங்கியிருந்தால் நிலத்தை விற்றிருப்பேன்.

இது புதிதாக இன்று முளைத்த நோயும் அல்ல. 2020 ஏப்ரலிலேயே இங்கிலாந்தில் எச்சரிக்கை விட்டார்கள். மே 15-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறை வெளியிட்டது. இந்த ஆண்டு ஜூனில் நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்தக் காகிதம் நாங்கள் ஏறி இறங்கிய மூன்று இடங்களுக்கும் எட்டவில்லை.

ஆகவே ஐயா, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோடு வரும் எந்தக் குழந்தையானாலும், அந்த இளம் மருத்துவர் கேட்ட கேள்வியை ஓ.பி. சீட்டிலேயே அச்சடித்து, பதிலை எழுதச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையம் வரை உத்தரவிட வேண்டுகிறேன். ஒரு வரி மைதான் செலவு. தனியார் கிளினிக்குகளுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். நவம்பர் 1 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரப்போகிறார்கள். அதற்குள் அனுப்பினால் நல்லது.

இன்னொன்று. வீடு திரும்பிய குழந்தைகளுக்கு எக்கோவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறோம். குழந்தைகளுக்கு எக்கோ எடுக்கத் தெரிந்தவர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாதம் ஒரு நாள் வந்தால்கூடப் போதும். அங்கேயே இம்யூனோகுளோபுலின் இருப்பும் வைக்க வேண்டும்.

மகளுக்கு அடுத்த எக்கோ டிசம்பரில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்

இணைப்பு: டிஸ்சார்ஜ் தாள், எக்கோ அறிக்கைகள், ‘நெகட்டிவ்’ சான்று – நகல்கள்