கம்போவாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? பனாமாவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. கம்போவா சின்ன ஊர். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் காடு. மரங்களுக்கு நடுவே கப்பல் போவது இப்போது பழகிவிட்டது. சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே, இங்கேயும் தினமும் சோறுதான், பருப்புக்குப் பதில் பீன்ஸ்.

"எறும்பைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனாள்?" என்று பெரியம்மா கேட்டாளாமே. இது சர்க்கரை டப்பாவில் ஏறுகிற ஜாதி இல்லை என்று சொல். பூஞ்சை பயிரிட்டுச் சாப்பிடும் எறும்பு. அமெரிக்கக் கண்டங்களை விட்டால் வேறெங்கும் கிடையாது. நான் வாசலில் வைத்த எலுமிச்சைக் கன்றை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டது. இலையை வெட்டிக் கொண்டுபோய், மென்று கூழாக்கி, அதன்மேல் பூஞ்சையை நடும். அந்தத் தோட்டத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகளின் நுனி உருண்டு தடித்திருக்கும். அந்த உருண்டைகள்தான் எறும்பின் குஞ்சுப் புழுக்களுக்கும் குடும்பத்துக்கும் சாப்பாடு.

நான் பார்க்கும் இனத்தின் பெயர் அக்ரோமிர்மெக்ஸ் எக்கினாட்டியோர். 2011-ல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உடம்பிலேயே தயாரிக்கத் தேவையான 2 மரபணுக்களைக் காணோம். பூஞ்சைதான் தருகிறதே, அப்புறம் எதற்கு? இப்போது பூஞ்சை செத்தால் கூடே போச்சு. அதனால்தான் புது ராணி பறந்து போகும்போது வாய்க்குள் ஒரு சின்னப் பையில் பூஞ்சைத் துணுக்கை எடுத்துப் போகிறது. அக்கா தனிக்குடித்தனம் போனபோது நீ உறைமோர் கொடுத்தனுப்பினாயே, அதே கதை.

சரி, என் வேலை என்ன என்று கேட்டாய். தகப்பன் யார் என்று கண்டுபிடிப்பது! சிரிக்காதே. ஒரு ராணி பல ஆண்களோடு கூடும். ஒவ்வொரு வேலைக்கார எறும்பிலும் ஒரு காலை எடுத்து டி.என்.ஏ. பிரித்தால் தகப்பன் தெரிந்துவிடும். சில தகப்பன்களின் மகள்கள் பெரும்பாலும் பெரிய உருவமாக வளர்கிறார்கள், சிலரின் மகள்கள் சின்னதாக. இதைவிட வேடிக்கை 2008-ல் தெரிந்தது: சில தகப்பன்களின் மகள்கள் மட்டும் மற்றவர்களைவிட அதிகமாக ராணியாகிவிடுகிறார்கள். அந்த வம்சங்கள் எந்தக் கூட்டிலும் கொஞ்சமாகத்தான் இருக்கும். நிறைய இருந்தால் மற்றவை கண்டுகொள்ளும் என்கிறார்கள். எறும்புக்குள்ளும் அரசியல்!

நாளை விடிகாலையில் ஒரு கூடு தோண்டப் போகிறோம். கடிக்கும், கையுறை போட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அப்பாவை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

அன்புடன்,
உன் சின்ன மகள்