பாக்கெட்டைத் திருப்பிப் பார்

குடியாத்தம்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் போட்டால் மீட்டிங் என்கிறாய், அதனால் கடிதம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. எதிர் வீட்டில் தறியை விற்றுவிட்டார்கள். வேறு சேதி இல்லை.

பொங்கலன்று அத்தை வீட்டில் நடந்ததைப் பற்றி எழுத வரவில்லை.

காலையில் தேன் போட்ட கார்ன்பிளேக்ஸ், ஆபீசில் பாக்கெட் ஜூஸ் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார் கண்ணு. முன்னால் பழத்தின் படம்தான் இருக்கும், கணக்கெல்லாம் பின்னால். உள்ளே போட்ட பொருளில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை என்று ஒரே பெயரில் போடாமல் லிக்விட் குளுகோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரித்துப் போட்டு, அது முதலில் வராமல் கீழே தள்ளியிருப்பார்கள். தக்காளி சாஸில்கூட ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரைதான். தேனும் வெல்லமும் இதே கணக்கில்தான் வரும்.

இந்தச் சர்க்கரையெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், ஆறு டீஸ்பூன். 200 மில்லி மாம்பழ ஜூஸ் ஒன்றிலேயே அது தீர்ந்துவிடுகிறது. குடிக்கிற சர்க்கரை வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. அதற்கு மேல் சோறும் வழக்கம்போலச் சாப்பிடுவோம். உடம்பு ஏறுவது இப்படித்தான், சோம்பலால் இல்லை. ராத்திரி பத்து மணி வரை வேலை செய்கிற பெண்ணைச் சோம்பேறி என்று யார் சொன்னாலும் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் தெருவிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன முதல் பெண் நீ. கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் மூன்று மாதமாக வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்புகிறாய். பெற்றவர்களுக்கு அது போதுமா?

ஒன்று சொல்ல வேண்டும். நீ மூன்றாவது படிக்கும்போதிருந்து பத்தாவது வரை, ராத்திரி கடை கட்டிவிட்டு வரும்போது ஜூஸ், கிரீம் பிஸ்கட் கொண்டுவருவேனே, அதெல்லாம் தேதி முடியப்போகிற சரக்கு. கம்பெனிக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், நஷ்டமாகிவிடக் கூடாதென்று உனக்குக் கொடுத்தேன். அம்மா கேட்டால் பாப்பா ஆசைப்பட்டாள் என்பேன். நீ ஒரு நாளும் கேட்டதில்லை. சைக்கிள் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவருவாய், அதில் எனக்கு அத்தனை பெருமை. பாலில் சத்துமாவு போட்டு மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டோமே, பல டப்பாக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் செய்தது. ஜூஸ் அப்படி இல்லை, காசுக்காகச் செய்தது.

அத்தை உன்னைச் சொன்னது என்னைச் சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பார், மறக்காதே. தாகத்துக்கு மோர் குடி. வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருவாயா? அம்மா முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பு வைப்பாள். எந்த ரயில் என்று மட்டும் எழுது, ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அப்பா