உங்கப்பாவின் ஸ்டோர் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதே

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரோஜா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஈப்போ வீட்டை விற்கப் போகிறாய், பழைய சாமான்களைக் கழிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று உன் தம்பி சொன்னான். உங்கப்பாவின் தோட்டத்து ஸ்டோர் கணக்குப் புத்தகங்கள் அந்த இரும்புப் பெட்டியில் இன்னும் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதே. ஏன் என்று நீளமாகத்தான் சொல்ல வேண்டும். கோப்பி கலந்துகொண்டு வந்து உட்கார்.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோயில் கமிட்டியில் வழக்கமான சண்டை. ஆறுமுகம் சார் சைக்கிள் மறுபடியும் காணாமல் போயிற்று. மீதியை நேரில் பேசுவோம்.

விஷயம் என் சின்ன மகளைப் பற்றியது. ஃபின்லாந்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள் அல்லவா, இந்தப் பருவம் வடதுருவத்துப் பக்கம் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கிறாள். ‘ஆர்க்டிக் பல்கலைக்கழகம்’ என்று ஒன்று 2001-ல் ஃபின்லாந்தின் ரொவானியெமியில் தொடங்கினார்கள். பெயர்தான் பல்கலைக்கழகம். உண்மையில் அது வடக்கைப் பற்றிப் படிக்கிற பல நாட்டுக் கல்வி நிலையங்களின் கூட்டமைப்பு. ஓர் இடத்து மாணவர் இன்னோர் இடத்தில் போய்ப் படிக்கலாம். அப்படித்தான் இவள் ஸ்வால்பார்டில் உள்ள லாங்இயர்பியன் ஊருக்குப் போனாள். அங்கே 1993-ல் நார்வேயின் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கல்வி மையம் அமைத்திருக்கின்றன. பனிக்கரடி நடமாடுகிற இடம், அதனால் வெளியே போய் வேலை செய்கிறவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நிலக்கரிக் கம்பெனி கட்டிய ஊராம். வேலை இருக்கிற வரைதான் வீடு என்று வெகுகாலம் இருந்ததாம். அதைக் கேட்டதும் நம் தோட்டத்து லயன் வீடுகள், அந்த லயம்தான் ஞாபகம் வந்தது.

அவள் படிப்பது ஆர்க்டிக், அதாவது வடதுருவப் பகுதியின் மாசு. வயலே இல்லாத இடத்தில் பூச்சிமருந்து எப்படி வந்தது என்று கேட்டேன். டிடிடி, லிண்டேன், எண்டோசல்பான் மாதிரியானவை சூடான நாட்டில் ஆவியாகிக் காற்றோடு போகும், குளிர்ந்த இடத்தில் படியும், வெயில் வந்தால் மறுபடி எழும்பி இன்னும் வடக்கே போகும் என்றாள். கடல் நீரோட்டத்திலும் போகுமாம். குளிரில் சீக்கிரம் சிதையாது. கொழுப்பில் தங்கும். மீனிலிருந்து சீல் என்கிற கடல்நாய்க்கு, சீலிலிருந்து கரடிக்கும் மனிதனுக்கும் ஏறிக்கொண்டே போகும்.

1980களில் கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்து மருத்துவர் எரிக் டெவாயி தாய்ப்பாலைச் சோதித்தார். தெற்கு கியூபெக் தாய்மாரோடு ஒப்பிட்டுப் பார்க்க, கியூபெக்கின் வடகோடியில் தொழிற்சாலையே இல்லாத நுனாவிக்கிலிருந்து, அங்கத்துப் பழங்குடியினரான இன்யூட் தாய்மாரின் பாலை வரவழைத்தார். அதுதான் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தார். முன்பு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் சேர்த்த பிசிபி என்கிற ரசாயனம் அதில் தெற்கைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. எந்த ஆலையிலும் கால் வைக்காத பெண்கள், சரோ. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னால் இந்த விஷங்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பேசப்பட்டபோது, ஷீலா வாட்-குளூட்டியர் என்ற இன்யூட் பெண் கொடுத்த தாயும் சேயுமான கற்சிற்பம் கூட்டத்தில் இருந்ததாம். 2001-ல் உடன்படிக்கை நிறைவேறியது.

ஒரு நாட்டுப் பல்கலைக்கழகம் தனியாகக் கண்டுபிடிக்கிற காரியமா இது? ஓரிடத்தில் அடித்தது இன்னோரிடத்தில் படிகிறது. மாதிரி எடுப்பதே பெரும்பாடு. மழைச்சட்டையில் பூசியிருக்கிற ரசாயனம்கூட மாதிரியில் கலந்துவிடும் என்று சட்டையைக்கூடப் பார்த்துப் போடச் சொல்கிறார்கள். எல்லா நாட்டாரும் ஒரே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஆர்க்டிக் கரையில் பாதிக்குமேல் ரஷ்யாவுடையது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அங்கத்திய பல்கலைக்கழகங்களோடு இருந்த தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கணக்கு வராமல் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இவள் புலம்புகிறாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அவளுடைய ஆசிரியர் மாணவர்களிடம், உங்கள் ஊரில் எந்த மருந்து, எந்த வருஷம், எவ்வளவு அடித்தார்கள் என்று எழுதச் சொன்னாராம். மற்ற பிள்ளைகள் தங்கள் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டுவந்தார்கள். இவளிடம் இருந்தது பாட்டியின் நகம் உதிர்ந்த கதை மட்டும். எங்கம்மா முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு பால்மரத்தடியில் மருந்தடித்தது, விரல்நுனி மஞ்சளாகி நகம் பெயர்ந்து வந்தது, உனக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பாராகுவாட் களைக்கொல்லி மண்ணோடு ஒட்டிக்கொள்ளுமாம், வடக்கே போகாதாம். போகக்கூடியது லயத்துச் சுவரில் மலேரியாவுக்கு அடித்த டிடிடி. பானை சட்டியெல்லாம் வாசலுக்கு வரும், சுவர் வெளுத்துக் கிடக்கும். அதில் நீ விரலால் உன் பெயரை எழுதி அப்பாவிடம் அடி வாங்கினாயே.

நம் சுவரிலிருந்துதான் போனது என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் விழுந்த இடத்தில் இத்தனை பேர் அளக்கும்போது புறப்பட்ட இடத்திலும் அளக்க வேண்டாமா? அண்டார்டிக் ஒப்பந்தத்தில் மலேசியா 2011-ல் சேர்ந்தது, நம் ஆராய்ச்சியாளர்கள் பனியில் போய் வேலை செய்கிறார்கள். பெருமைதான். அதே அக்கறையோடு நம் தோட்டத்து மண்ணையும் மருந்தடித்த பெண்களின் உடம்பையும் வடக்கத்திய பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். மருந்தடித்த அக்காமார்களில் இன்னும் சிலர் இங்கே உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

தோட்டத்து ஆபீஸ் காகிதமெல்லாம் பால்மரத்தை எடுத்துவிட்டுச் செம்பனை போட்டபோதே போய்விட்டது. உங்கப்பா ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தபோது வந்த டின், போன டின் எல்லாம் தனக்கென்று ஒரு படி எழுதி வைப்பார். அந்த மனுஷன் கணக்கில் ஒரு சென்டுகூடத் தவறாது. தேதியும் மருந்தின் பெயரும் அளவும் கிடைத்தால் இவளுக்கு அது போதும்.

பெட்டிச் சாவி இல்லையென்றால் பூட்டை உடை. கறையான் பிடித்த பக்கத்தைத் தட்டாதே, அப்படியே படம் எடுத்து அனுப்பு. தைப்பூசத்துக்கு ஈப்போ வரும்போது புத்தகங்களை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடு, அவனுக்கு எதையும் கழித்துக்கட்டுவதில்தான் அவசரம்.

அன்புடன்,
வசந்தா