மரப்பட்டைத் துணி ஓவியம் என்று சணல் துணியை அனுப்பியது தொடர்பாக

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதில்.

என் கணவரின் மணிவிழாவுக்காக உங்களிடம் ரூ.14,500 கட்டி, உகாண்டா மரப்பட்டைத் துணியில் கையால் வரைந்த கொண்டை நாரை ஓவியம் வாங்கினேன். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஆறு வருடம் குடியிருந்தவர்கள் நாங்கள். வந்தது சணல் துணி, அதில் அச்சடித்த நாரை. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடும் பாவும் அப்படியே தெரிகிறது. முட்டுபா மரத்தின் உள்பட்டையை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி விரிக்கிற துணியில் நூலே கிடையாதே! விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

உங்கள் சேவை மையத்துப் பையன் கேட்கிறான்: "துணின்னா நெய்யத்தான் மேடம் செய்வாங்க, மரத்துல காய்க்குமா?" கேட்டுவிட்டுச் சிரித்தான். உகாண்டாவின் பகாண்டா இன மக்கள் தங்கள் அரசரின் பட்டாபிஷேகத்துக்கு உடுத்துகிற துணி அது, இறந்தவர்களைப் போர்த்துகிற துணி. 2005-இல் யுனெஸ்கோவே மனிதகுலத்தின் அரிய மரபென்று அறிவித்த கலை. பட்டை உரித்த மரத்துக்குக்கூட வாழை இலை சுற்றிக் காப்பாற்றுவார்கள், மறுபடி பட்டை வளரட்டும் என்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

அதற்கு முந்தின வாரம், "நேரில் வந்தால் மாற்றித் தருகிறோம்" என்றதை நம்பி, மூன்றடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் இரண்டு பஸ் மாறி உங்கள் குடோனுக்குப் போனேன். "இங்கே ரிட்டர்ன் எடுக்கிறதில்லைம்மா" என்றார் காவலாளி. அவர்மேல் குறையில்லை, உட்கார நாற்காலி போட்டவர் அவர் ஒருவர்தான். திரும்பி வர ஆட்டோவுக்கு ரூ.480.

நாரையைச் சொல்ல விட்டுப்போனது. தொண்டையில் தொங்கும் சிவப்புச் சதையையே காணோம். உகாண்டா கொடியில் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கிற பறவையய்யா அது! கம்பாலா நண்பர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்கள். என் கணவரின் முகம் வாடியது. மணிவிழாவே பாழ்.

தயவுசெய்து ஏழு நாளில் முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, நேரே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீது, படங்கள், நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் கையில் இருக்கின்றன.

உண்மையான பட்டைத் துணி ஓவியம் உங்களிடம் இருந்தால் பணம் வேண்டாம், அதையே கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறேன். சணலை உங்கள் ஆள் வந்து எடுத்துப் போகட்டும். இனி நான் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்