செயலாளராகப் போகும் மகளுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

ஜோகன்னஸ்பர்க் கிளைக்காரர்கள் உன்னை நம் ஒரிகாமி, அதாவது காகித மடிப்புக் கலை, சங்கத்தின் செயலாளராக நிற்கச் சொல்கிறார்களாம், அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். தயங்காமல் ஏற்றுக்கொள். ஆனால் ஒன்று கேளம்மா. சங்கத்தின் காசு முழுவதையும் வருடாந்திர மாநாட்டில் கொட்டிவிடாதே. மாதாமாதம் ஒவ்வொரு ஊரிலும் ஏழெட்டுப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து காகிதம் மடிக்கிறார்களே, அதற்குத்தான் முதல் பங்கு.

இங்கிருந்து உன் ஊருக்கே 570 கிலோமீட்டர். கேப் டவுன் 1,600க்கும் மேல். மாநாடு எங்கே நடந்தாலும் காரும் ஓட்டல் செலவுக்குப் பணமும் இருப்பவர்கள்தான் வர முடியும். இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பென்ஷனை நம்பி இருக்கிற ஆயா எப்படி வருவார்?

படம் பார்த்தே ஒரிகாமி கற்றுக்கொள்ளலாம் என்று கமிட்டியில் யாராவது சொன்னால், இதழ் மடிப்பை நினைத்துக்கொள். கொக்கு செய்ய வருகிறவர்கள் சதுர அடிப்படை வரைக்கும், அதாவது தாள் சின்னச் சதுரமாக மடிந்து நிற்கும் தொடக்க வடிவம் வரைக்கும், வந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் சிக்கல். மேல் அடுக்கின் திறந்த முனையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும், அப்போது இரண்டு ஓரமும் உள்ளே வந்து படிய வேண்டும். படத்தில் அதற்கு இருப்பது ஒரு அம்புக்குறி. தாள் கிழிந்துவிடுமோ என்று கை அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலைக் குறுக்குக்கோட்டின் மேல் வைத்து, "இங்கே அழுத்திக்கொண்டு மெதுவாகத் தூக்குங்கள், ஆயா" என்று சொல்லிப் பார். ஓரங்கள் தானாக வந்து மூடிக்கொள்ளும். அடுத்த மாதம் அந்த ஆயாவே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். சங்கம் வளர்வது அப்படித்தான், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு விலையுயர்ந்த ஜப்பான் காகிதம் வேண்டாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரண ஏ4 தாள் போதும், அதைத்தான் நம் டர்பனின் மீர்பேங்க் காகித ஆலையிலேயே செய்கிறார்களே. ஒரு ரீமில் 500 தாள். வெட்டினால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும், 8.7 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். அதைக் குப்பையில் போடாதே, அதிலும் இரண்டு சின்னச் சதுரம் வரும். குழந்தைகளுக்கு அது போதும்.

படங்களைக் கண்டபடி நகல் எடுக்க விடாதே. கொக்கு, படகு போன்ற பழைய வடிவங்கள் எல்லாருக்கும் பொது. புதிய வடிவம் ஒருவருடைய பல மாத உழைப்பு. நாம் கொடுக்கும் நகலில் அவர் பெயர் இருக்க வேண்டும், கேட்டு அனுமதி வாங்கியிருக்கவும் வேண்டும். 2011இல் ராபர்ட் லாங் உட்பட 6 வடிவமைப்பாளர்கள், தாளில் மடிப்புகள் விழும் கோடுகளைக் காட்டும் தங்கள் மடிப்புக்கோட்டு வரைபடங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்று ஓவியர் ஒருவர் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2013இல் சமரசமானது. நம் அளவில் ஒரு கடிதம் எழுதிக் கேட்டாலே போதும். பெரும்பாலும் மனமுவந்து சரி என்பார்கள்.

கணக்கு விஷயம் சுருக்கமாக: நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் இலாபநோக்கற்ற அமைப்புகளின் பதிவகத்துக்கு அறிக்கை போக வேண்டும். பொருளாளரைக் கடைசி வாரத்தில் விரட்டாதே.

இந்த நாட்டுக்கும் ஒரிகாமிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் ராபர்ட் ஹார்பினைப் பற்றிச் சொல். 1908இல் இங்கே தென்னாப்பிரிக்காவின் பால்ஃபரில் பிறந்தவர், பிழைப்புக்காக லண்டன் போய்ப் பெரிய மேஜிக் கலைஞர் ஆனார். 1967இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஒரிகாமி சங்கத்துக்கு அவர்தான் முதல் தலைவர். ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் யோஷிஸாவா படங்களுக்கு வகுத்த கோடு, அம்புக்குறி முறையை அவரும் அமெரிக்கரான ராண்ட்லெட்டும் ஏற்று, சில குறிகளைச் சேர்த்துப் பரப்பினார்கள். இன்று எந்த நாட்டுப் படத்தை வாங்கினாலும் மொழி தெரியாமல் மடிக்க முடிகிறதென்றால் அதில் நம் பால்ஃபர்க்காரரின் பங்கும் இருக்கிறது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நிரம்ப ஆசை.

அப்புறம், உலக ஒரிகாமி நாட்கள் அக்டோபர் 24இல் தொடங்கி நவம்பர் 11 வரை. முதல் நாள் நியூயார்க்கில் ஒரிகாமி மையம் தொடங்கிய லிலியன் ஓப்பன்ஹைமரின் பிறந்தநாள். கடைசி நாள் ஜப்பானில் ஒரிகாமி தினம், தேதியில் வரும் நான்கு 1களும் சதுரத்தின் நான்கு பக்கங்களாம். ஆனால் இங்கே அது பரீட்சைக் காலம், பள்ளிகளை நம்பித் திட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். நூலகம், முதியோர் இல்லம், கோயில் மண்டபம் மூன்றையும் இப்போதே கேட்டு வை. இங்கே மண்டபத்துக்கு நான் பேசுகிறேன். தாள் வெட்டுவதை அம்மா பார்த்துக்கொள்கிறாளாம். உங்கள் ஊரில் எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கத் தயார் என்று மட்டும் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அப்பா